ஓக்கினாவாவில் ஒரு கிண்ணம் 'சுபா'

ஜப்பான் என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? ஃபியூஜி மலை, புல்லட் ரயில், கிமோனோ, குளிர்ப் பிரதேசத்துச் செர்ரிப் பூக்கள். இவற்றில் எதையும் எதிர்பார்த்துப் போகக்கூடாத ஒரு ஜப்பானும் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து தெற்கே 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், தைவானுக்குப் பக்கத்தில் கடலில் சிதறிக் கிடக்கும் ஓக்கினாவாத் தீவுகள்தான் அது. அங்கே கரும்பு விளைகிறது. பாகல்காய் காய்க்கிறது. செம்பருத்தி வேலியோரம் பூத்துக் கிடக்கிறது. வீட்டு ஓடுகள் நம் செட்டிநாட்டு ஓடுகளைப் போலச் சிவப்பு. எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்குப் பழகிய உப்புக் காற்றும் புழுக்கமும்கூட உண்டு!

2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் நான் அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மகள் ஓன்னா என்ற கடலோர ஊரில் உள்ள ஓக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய தலைப்பிரசவத்துக்காகப் பிள்ளைமருந்துப் பொடியும், சுக்கும், பூண்டும், கருப்பட்டியும் கட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதம் இருந்தேன். வந்ததிலிருந்து அக்கம்பக்கத்தார் "அங்கே என்னத்தைச் சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொன்னால், அந்த ஊரையே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு ஒபா

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் 82 வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். பாட்டியை அங்கே 'ஒபா' என்கிறார்கள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஒரு மூடிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். உள்ளே மாசிக்கருவாட்டுச் சீவலும் 'மிசோ' என்கிற சோயா விழுதும் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிய ஒரு ரசம். 'கச்சூயு' என்று பெயராம். உடம்பு அசதிக்கும் ஜலதோஷத்துக்கும் அங்கே வீட்டுக்கு வீடு அதுதான் கைமருந்து.

மூடியைத் திறந்ததும் எனக்கு ஊர் வாசனை அடித்தது. நாம் மாசி என்று சொல்லும் அதே சூரை மீன்தான். அவர்கள் வேகவைத்துப் புகையிட்டுக் கட்டை போலக் காயவைத்து, பூவிதழ் மாதிரி மெலிதாகச் சீவிக்கொள்கிறார்கள். நாம் இடித்துச் சம்பல் செய்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து எனக்கும் ஒபாவுக்கும் சிநேகம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நடுவில் மகள். ஒரு நாள் அவர் தன் வீட்டு நூடுல்ஸ் சாப்பிட எங்களைக் கூப்பிட்டார்.

"அம்மா, அங்கே போய் இதை 'சோபா'ன்னு சொல்லாதீங்க. 'சுபா'ன்னு சொல்லுங்க. ஒபாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துடும்" என்றாள் மகள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா சோபாங்கறது டோக்கியோ பாஷை. சுபாங்கறது இந்த ஊர்ப் பாஷை."

சொல்லிப் பார்த்தேன். மகள் சொன்னது போலவே நடந்தது.

கிண்ணத்துக்குள்ளே

கோதுமை மாவில் செய்த, சற்றுத் தடித்த, மஞ்சள் சாயல் உள்ள நூடுல்ஸ். பல்லில் கடிபட்டு அறுபடும் உறுதி. மேலே தெளிவான சூப். வழக்கமாகப் பன்றி எலும்பையும் மாசியையும் சேர்த்து நிதானமாகக் கொதிக்கவிட்டு இறக்குகிறார்கள். அதன் மேல் சோயாவில் வேகவைத்த பன்றி இறைச்சித் துண்டுகள், மீன் விழுதில் செய்த வெள்ளை வில்லை, வெங்காயத் தாள், சிவப்பு ஊறுகாய் இஞ்சி. எங்கள் வீட்டில் மீனும் கோழியும் உண்டு, பன்றி இறைச்சி பழக்கமில்லை. இதை முன்னாலேயே கேட்டறிந்த ஒபா, எனக்காகக் கோழி எலும்பும் மாசியும் போட்டுத் தனியாக ஒரு சட்டி சூப் வைத்திருந்தார். விருந்தாளியின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படும் பெண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

மேஜையில் ஒரு சிறு சீசா. அதில் நம் காந்தாரி மிளகாய் போன்ற சின்னஞ்சிறு மிளகாய்கள், 'அவமோரி' என்ற உள்ளூர் அரிசிச் சாராயத்தில் ஊறிக் கிடக்கின்றன. 'கொரேகுசு' என்கிறார்கள். நாலு சொட்டு விட்டால் போதும், காது வரை உறைக்கிறது! குடிக்காதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சில கடைகளில் 'ஃபூச்சிபா' என்று ஒரு தழையை மேலே போட்டுத் தருகிறார்கள். முகர்ந்து பார்த்தேன். நம் மரிக்கொழுந்தின் சொந்தக்காரச் செடி அது. நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

தீவுக்குத் தீவு பழக்கம் மாறுகிறது. மியாக்கோ தீவில் இறைச்சியை நூடுல்ஸுக்கு அடியில் ஒளித்து வைப்பது பழைய வழக்கம். இஷிகாகி முதலான யாயெயாமா தீவுகளில் நூடுல்ஸ் மெலிந்து உருண்டையாக இருக்கும். அங்கே மேலே தூவும் பொடியின் பெயர் 'பிபாட்சி'. எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வடமொழியில் பிப்பலி, தமிழில் திப்பிலி. கற்சுவரில் படரவிட்டு வளர்க்கும் அந்தக் கொடி நம் திப்பிலியின் நெருங்கிய இனம். மகளுக்காக நான் கண்டதிப்பிலி ரசம் வைத்த அதே வாரத்தில், ஒபா தன் அலமாரியிலிருந்து பிபாட்சிப் பொடியை எடுத்துக் காட்டினார். இருவரும் ஒருவர் பொடியை ஒருவர் முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சாம்பல் தண்ணீர்

கோதுமை மாவு நூடுல்ஸுக்கு அந்த மஞ்சள் சாயலும் உறுதியும் எப்படி வருகின்றன? காரம்தான் ரகசியம். மிளகாய்க் காரமல்ல, அப்பளக்காரம் மாதிரியான காரம். அந்தக் காலத்தில் அதற்குக் கடை மருந்து தேடவில்லை. ஆலமரத்தின் இனமான 'கஜுமாரு' போன்ற மரங்களின் விறகை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை ஊற்றி மாவு பிசைந்தார்கள். காரத்தண்ணீர் பட்டால் மாவிலுள்ள பசைச்சத்து இறுகும், லேசாக மஞ்சள் நிறமும் வரும். இன்றும் சில கடைகளில் சாம்பல் தண்ணீர் நூடுல்ஸ் கிடைக்கிறது.

பிசைந்த மாவைத் தேய்த்து, வெட்டி, கொதிநீரில் போடுவதற்கு முன் கையால் அள்ளி ஒரு பிசை பிசைகிறார்கள். அதனால்தான் இழைகள் நெளிநெளியாக இருக்கின்றன. வெந்ததும் தண்ணீரில் அலசாமல் எண்ணெய் தடவி ஆறவிடுகிறார்கள். வெப்ப ஊரில் ஒன்றோடொன்று ஒட்டாமல், சீக்கிரம் கெடாமல் இருக்க அது ஒரு உபாயம்.

ஒரு பெயருக்காக ஒரு வழக்கு

இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

'சோபா' என்ற சொல்லுக்கு ஜப்பானில் ஒரு தனிப் பொருள் உண்டு. வடநாட்டில் விரதத்துக்குப் பயன்படுத்தும் 'குட்டு' மாவு இருக்கிறதே, அதில் செய்யும் சாம்பல் நிற நூடுல்ஸ்தான் சோபா. ஓக்கினாவாக் கிண்ணத்தில் அந்த மாவு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. எல்லாம் கோதுமை. ஆனாலும் தலைமுறைகளாக அவர்கள் அதை அந்தப் பெயரில்தான் அழைத்து வந்தார்கள்.

1976-ம் வருஷம் ஜப்பானிய நியாய வர்த்தகக் கமிஷனிலிருந்து ஓலை வந்தது. குட்டு மாவு நூற்றுக்கு முப்பது பங்காவது இல்லாத எதையும் சோபா என்று சொல்லி விற்கக்கூடாது, பெயரை மாற்றுங்கள் என்றார்கள். நுகர்வோர் ஏமாறக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஓக்கினாவாவில் அதைக் கேட்டவர்களுக்கு அது மாவைப் பற்றிய விஷயமாகப் படவில்லை.

ஏன் என்று புரிய வேண்டுமானால் சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓக்கினாவா ஒரு காலத்தில் ர்யூக்யூ என்ற தனி ராஜ்யம். 1429 முதல் ஏறத்தாழ 450 வருஷம் தனி அரசர், தனி மொழி, சீனத்தோடும் சயாமோடும் மலாக்காவோடும் கப்பல் வியாபாரம். 1879-ல் ஜப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு பள்ளிக்கூடங்களில் ஊர் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையை மாட்டினார்கள். இன்னொரு பிள்ளை அதே 'குற்றம்' செய்து மாட்டிக்கொள்ளும் வரை அது கழுத்திலேயே தொங்கும். யுத்தத்துக்குப் பிறகும் சில பள்ளிகளில் இந்த வழக்கம் நீடித்தது. ஒபாவும் கழுத்தில் பலகை மாட்டியவர்தான்.

"வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லலை. அம்மாவுக்கு அந்த ஒரு பாஷைதான் தெரியும். என்னன்னு சொல்றது?" என்றார். மகள் இதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த சண்டையில் ஓக்கினாவா மக்களில் நாலில் ஒருவர் மாண்டார்கள். அதன்பின் 1972 வரை 27 வருஷம் அமெரிக்கர் ஆட்சி. நயா பைசாவுக்கு நாம் பழகிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் டாலரில் காய்கறி வாங்கினார்கள்! 1972 மே 15-ம் தேதி மறுபடி ஜப்பானோடு சேர்ந்தார்கள். பணம் மாறியது, சட்டம் மாறியது, பாஸ்போர்ட் மாறியது. நாலே வருஷத்தில் "உங்கள் கிண்ணத்தின் பெயரையும் மாற்றுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஓக்கினாவா நூடுல்ஸ் தயாரிப்பாளர்களின் கூட்டுறவுச் சங்கம் வழக்காடியது. அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றது. கடைசியில் 1978 அக்டோபர் 17-ம் தேதி 'அசல் ஓக்கினாவா சோபா' என்ற பெயருக்கு அங்கீகாரம் வந்தது. சும்மா வரவில்லை. இன்னின்ன மாதிரி செய்தால்தான் அந்தப் பெயர் என்று நிபந்தனைகளும் வந்தன. ஓக்கினாவாவிலேயே தயாரிக்க வேண்டும், மாவின் எடையில் 34 முதல் 36 பங்கு தண்ணீர், கனம் ஒன்றரை முதல் 1.7 மில்லிமீட்டர், வேகவைக்குமுன் கையால் பிசைந்தே ஆக வேண்டும். பாட்டிமார் கைப்பதம் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது!

அதே 1978-ல் ஜூலை 30-ம் தேதி இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கர் காலத்தில் சாலையின் வலப்பக்கம் ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஜப்பானின் மற்ற பகுதிகளைப் போல இடப்பக்கம் மாறின. ஒபா அப்போது அவருடைய அம்மா ஆரம்பித்த நூடுல்ஸ் கடையை நடத்திக்கொண்டிருந்தார். "ரோடு மாறினப்போ நாங்க ஒண்ணும் சொல்லலை. ரோடுதானே! சுபா வேற விஷயம்" என்று சொல்லி, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

1997-ல் அக்டோபர் 17-ஐ ஓக்கினாவா சோபா தினம் என்று சங்கம் அறிவித்தது. டிசம்பர் 31 இரவு ஜப்பான் முழுக்கக் குட்டு மாவு நூடுல்ஸ் சாப்பிட்டுப் புது வருஷத்தை வரவேற்கும்போது, ஓக்கினாவா வீடுகளில் அவரவர் சுபாதான்.

பழமை மட்டும் போதுமா?

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. சுபா ஒன்றும் ஆயிரம் வருஷத்துப் பலகாரமல்ல. சாதாரண ஜனங்கள் அதைக் கடையில் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து நூற்றிருபது வருஷம்தான் ஆகிறது. வழிமுறை சீனத்திலிருந்து வந்தது. யுத்தத்துக்குப் பின் வந்த மாவு அமெரிக்க மாவு. சண்டையில் ஊரில் பன்றிகளே இல்லாமல் போனபோது, ஹவாய்த் தீவில் குடியேறியிருந்த ஓக்கினாவாக்காரர்கள் பணம் திரட்டி 1948-ல் 550 பன்றிகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இத்தனை ஊர்க் கை பட்ட சாமானை 'எங்களுடையது' என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தூத்துக்குடி மக்ரூனைப் பாருங்கள். பெயரே கடல் தாண்டி வந்தது. ஆனால் முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்து, அந்தக் கூம்பு வடிவத்தில், வாயில் வைத்ததும் கரைகிற பக்குவத்தில் செய்வது எங்கள் ஊர்க் கை. பக்கத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. கடலை எந்த நாட்டிலிருந்து வந்த பயிர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பெயரும் பதமும் மனுஷர்களோடு பிரயாணம் போகும். 1908-ல் பிரேசிலுக்குப் போன முதல் ஜப்பானியக் குடியேறிகளின் கப்பலில் 781 பேர். அவர்களில் 325 பேர் ஓக்கினாவாக்காரர்கள். அவர்கள் வழி வந்தவர்கள் கம்ப்போ கிராண்டே என்ற நகரத்துச் சந்தையில் விற்ற 'சொபா', முட்டை ஆம்லெட்டைக் கீற்றாக வெட்டி மேலே தூவிய அந்த ஊர் அவதாரம், 2006-ல் அந்த நகரத்தின் கலாசாரச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. நம் இடியாப்பமும் இப்படிப் போனதுதானே? இங்கேயே கோயமுத்தூர்ப் பக்கம் சந்தகை, சில வீடுகளில் சேவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதுவே 'புட்டு மாயம்'. தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துத் தருகிறார்கள்.

பெயரில்லாத பிள்ளைகள்

ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 23-ம் தேதி, ஒபாவின் மகன் எங்களைத் தீவின் தென்கோடிக்குக் காரில் அழைத்துப் போனார். அது யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவு நாள். கடலைப் பார்த்த மேட்டில் கருங்கல் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1995-ல் எழுப்பியவை. ஓக்கினாவாக்காரர், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்று பேதமில்லாமல் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். குடும்பங்கள் பூவும் சாப்பாடும் கொண்டுவந்து, தங்கள் பெயர் இருக்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன.

மகள் ஓரிடத்தில் நின்று படித்தாள். "அம்மா, இங்கே பேரே இல்லை. 'இன்னாரின் குழந்தை'ன்னு மட்டும் போட்டிருக்கு." குடும்பமே அழிந்துபோய், பிள்ளையின் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள். கையில் ஒன்றரை மாதக் குழந்தையோடு அவள் அதைப் படித்தாள். நான் பேரப்பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். நூடுல்ஸ் கிண்ணத்தின் பெயருக்காக இரண்டு வருஷம் வழக்காடுவார்களா என்று யாராவது சிரித்தால், அவர்களை அந்தக் கல் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ர்யூக்யூ மொழிகள் அழியும் அபாயத்தில் இருப்பதாக யுனெஸ்கோ 2009-ல் பட்டியலிட்டது. ஒபாவின் பேரன்களுக்கு அந்த மொழி பேச வராது. ஆனால் 'சுபா' என்று சொல்ல வரும். 'நுச்சிகுசுயி' என்றும் சொல்ல வரும். நல்ல சாப்பாட்டுக்கு அங்கே சொல்லும் சொல் அது. 'உயிருக்கு மருந்து' என்று அர்த்தம். நம் 'உணவே மருந்து' என்பதற்கு அண்ணன் தம்பி.

ஆரோக்கியம் பற்றி ஒரு வார்த்தை

ஓக்கினாவா என்றால் நூறு வயதுக்காரர்களின் தேசம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கிழவர்கள் வளர்ந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும், கீரையிலும், சோயாக் கட்டியிலும், பாகல்காயிலும். பிந்திய தலைமுறை கொழுப்பும் துரித உணவும் பழகியதில், 2000-ல் ஓக்கினாவா ஆண்களின் ஆயுள் வரிசை ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-வது இடத்துக்கு இறங்கியது. சுபாவும் மைதா வகைதான், சூப்பில் உப்பும் அதிகம். ஆகவே தினமும் வேண்டாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சூப்பில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். கீரையும் காயும் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் செய்ய (4 பேருக்கு)

மைதா 400 கிராம், தண்ணீர் 140 மில்லி, உப்பு 1 டீஸ்பூன், அப்பளக்காரம் அரை டீஸ்பூன். உப்பையும் அப்பளக்காரத்தையும் தண்ணீரில் கரைத்து, மாவில் தெளித்துத் தெளித்துப் பிசையவும். சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக, உதிரி உதிரியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், நன்றாக அழுத்திப் பிசைந்தால் சேர்ந்துவிடும். ஈரத்துணி மூடி அரை மணி வைக்கவும். பத்து ரூபாய் நாணயத்தின் கனத்துக்குத் தேய்த்து, மாவு தூவி மடித்து, கத்தியால் மெல்லிய நாடாக்களாக வெட்டவும். கையால் அள்ளி மெதுவாகப் பிசைந்து உதறி, நிறையக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் வேகவிட்டு வடிக்கவும். ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி ஆறவிடவும்.

சூப்புக்கு அரைக்கிலோ கோழி எலும்பை இரண்டு லிட்டர் தண்ணீரில் நுரை எடுத்துவிட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி கொதிக்க விடவும். கடைசி ஐந்து நிமிஷம் ஒரு கைப்பிடி மாசித்தூள் போட்டு வடிகட்டி, உப்பும் ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸும் சேர்க்கவும். சைவம் சாப்பிடுபவர்கள் காளான், முட்டைக்கோஸ், இஞ்சி, வெங்காயத் தாள் போட்டுக் கொதிக்க வைக்கலாம். நூடுல்ஸைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிக் கிண்ணத்தில் போட்டு, சூப் ஊற்றி, மேலே வெங்காயத் தாள் தூவவும். ஒரு சிட்டிகை திப்பிலிப் பொடி போட்டால் யாயெயாமா வாசனை வந்துவிடும்.

பரிமாறும்போது குழந்தைகளிடம் 'சுபா' என்று பெயர் சொல்லியே கொடுங்கள். அப்படியே உங்கள் மாமியாரோ பாட்டியோ செய்யும் பலகாரம் ஒன்றுக்கு உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் பெயர் ஏதாவது இருந்தால், அதையும் பக்குவத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்டு எழுதிக்கொள்ள, பாட்டிமார் இருக்கிற காலம்தான் நல்ல காலம்.